பாக்கியசீலன் இல்லை என்று தீர்மானிக்கப்பட்டது

மனுஷ உடம்புக்குள் இருக்கிற ஒரு வகை ரத்த அணுவை, 'இன்று முதல் இது கிடையாது' என்று கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்ட இடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில், மருத மரங்களுக்கு நடுவே, பொருநை மூட்டுநோய் ஆய்வு நிலையம். வாசலில் பெரிய பலகை, பலகைக்குக் கீழே ஒரு நாய். இரண்டையும் யாரும் தொந்தரவு செய்வதில்லை.

விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் கிருமிகளை அடிக்கிற படை ஒன்று இருக்கிறது. அந்தப் படைக்கு வெறி ஏறிச் சொந்த உடம்பையே அடிக்கக் கிளம்பினால், 'போதும், விடு' என்று கையைப் பிடித்து நிறுத்துகிற அணுக்களும் இருப்பதாக எழுபதுகளில் உலகம் முழுக்கப் பேசினார்கள். அடக்கும் அணுக்கள் என்று பெயர். நிலையம் சும்மா இருக்குமா? கீழ்த்தளத்தில் அடக்கும் அணுக்கள் பிரிவு என்று ஒன்றைத் திறந்து, ஆள் எடுத்து, விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியது. பிறகு வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கே அந்த அணுக்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நிலையம் எதையும் அரைகுறையாகச் செய்யாது. 1991-ல் ஆட்சிக்குழு கூடி, அடக்கும் அணுக்கள் இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. அன்றைக்கும் பொன்னாடை உண்டு.

சரி, அணுவை எடுத்தாயிற்று. ஆளை எடுக்க முடியுமா? எல்லாரும் நிரந்தரப் பணியாளர்கள், யூனியன் வேறு இருக்கிறது. ஆகவே பிரிவில் வேலை பார்த்தவர்கள் தோளில் ஆளுக்கொரு பச்சைத் துண்டைக் குறுக்காகப் போட்டு, 'அமைதிக் காப்பாளர்' என்று பெயரும் வைத்து, வெளிநோயாளிகள் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டம் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது. "அடக்கும் பிரிவுதானே, அடக்கட்டும்" என்றாராம் இயக்குநர் டாக்டர் தாணுமாலையன். காகிதத்தில் மட்டும் அந்தப் பிரிவு இல்லை. பிரிவு இல்லாததால் அதில் இருந்தவர்களும் இல்லை. அவர்கள் சம்பளம் 'இதர செலவுகள்' என்ற தலைப்பில், ஃபினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்துக்குத்தான் 1996 தை மாதத்தில் ஐயம்பெருமாள் தன் மனைவி சண்முகசுந்தரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஐயம்பெருமாளுக்கு நெல்லை டவுனில் பாத்திரக் கடை. பொறுமைக்குப் பேர்போன மனுஷன். வாங்கின குடம் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வருகிறவரை உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, 'நான் கொஞ்சம் வேகமாத்தான் வச்சிட்டேன் அண்ணாச்சி' என்று அவரையே சொல்ல வைத்து அனுப்புவார். சண்முகசுந்தரி பாளையங்கோட்டையில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தினாள். ஜில்லாவில் பாதி அலுவலகங்களில் அவளிடம் படித்தவர்கள்தான் டைப் அடிக்கிறார்கள். அவளுடைய விரல்கள் ஐப்பசியிலிருந்து வீங்கத் தொடங்கியிருந்தன. காலையில் எழுந்தால் இரண்டு கையும் மடங்காது. கணுக்கள் சிவந்து, தொட்டால் இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டன.

"ஏங்க, உள்ள இருந்து யாரோ டைப் அடிக்க மாதிரி இருக்கு. அதுவும் பழகாத கை. ஓங்கி ஓங்கி அடிக்கான்" என்றாள்.

"பொறுத்துக்கோ சுந்தரி. பெரிய இடத்துக்கு வந்துட்டோம்லா" என்றார் ஐயம்பெருமாள்.

பெரிய இடம் என்பதில் சந்தேகமில்லை. கூடத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்தால் ஆனித் தேரோட்டத்துக்கு வந்த மாதிரி இருந்தது. அங்கேதான் பாக்கியசீலனைப் பார்த்தார்கள். சாத்தான்குளத்துக்காரர். ஒல்லி உடம்பு, கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற மெல்லிய குரல், தோளில் பச்சைத் துண்டு. சுந்தரியின் கையைப் பார்த்ததுமே ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தன் பானையிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று தெரிந்ததும், ஒரு கையால் அதை அவள் வாயருகே பிடித்து, சேலையில் சிந்தாமல் இன்னொரு கையைக் கீழே ஏந்திக்கொண்டார்.

"பைய குடிங்கக்கா, பைய. யாரும் வெரட்டல."

அந்த நிலையத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே வைத்தியம் அதுதான் என்று பின்னால் சுந்தரி சொல்வாள்.

இயக்குநர் நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்க்கிற வழக்கமில்லை. புதன்கிழமைதோறும் கூடத்து மேடையில் நின்று மொத்தமாகப் பார்ப்பார். ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, பக்கத்தில் மடித்துவைத்த பொன்னாடைகள். அன்றைக்கும் பேசினார்.

"அன்பர்களே! வீக்கம், வீக்கம் என்று பதறுகிறீர்கள். வீக்கம் என்றால் என்ன? ஒரு வகை வளர்ச்சி. இந்த நிலையமும் என் காலத்தில்தான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. நான் பதறினேனா? இன்னொன்றும் பெருமையோடு சொல்கிறேன். இந்த நிலையத்தில் இதுவரை ஒரு நோயாளிகூட இறந்தது கிடையாது. அந்த நிலைமைக்கு வருகிறவர்களை முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் மரபு."

கைதட்டல். தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். சுந்தரிக்கு வலி மாத்திரை கொடுத்து அடுத்த புதன் வரச் சொன்னார்கள். அடுத்த புதனும் அதே மாத்திரை, அதே உரை. மாசி முடிவதற்குள் அவளுக்கு இயக்குநரின் உரை மனப்பாடமாகிவிட்டது. கை மட்டும் மோசமாகிக்கொண்டே போனது.

பங்குனியில் ஒரு நாள் எக்ஸ்ரே அறையைத் தேடிப் போன இருவரும் வழி தவறிக் கீழ்த்தளத்தில் இறங்கிவிட்டார்கள். ஆற்று ஈரம் சுவரில் பாசியாக ஏறியிருந்தது. மேலே அத்தனை ஜனம் இருக்கிற கட்டடம் என்று நம்ப முடியாதபடி அங்கே ஒரு சத்தமும் இல்லை. கடைசி அறையில் துணி போர்த்திய மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் வெள்ளை கோட்டு போட்ட வயசாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"ஏ அண்ணாச்சி, நான் ஒம்ம கண்ணுக்குத் தெரியுதேனா?"

ஐயம்பெருமாள் அவர் கால் தரையில் படுகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "தெரியுது ஐயா."

"நல்லது. மேல யாருக்கும் தெரிய மாட்டேங்கு. எதுக்க போயி வணக்கம் சொன்னாலும் சுவத்தப் பாத்துட்டுப் போறானுவ. செல சமயம் எனக்கே சந்தேகமாயிருது."

டாக்டர் அப்பாத்துரை. இல்லாமல் போன பிரிவின் தலைவர். மற்றவர்கள் பச்சைத் துண்டுக்கு ஒப்புக்கொண்டு மேலே போனபோது, இவர் மட்டும் 'அணுக்கள் இருக்கின்றன' என்று சொல்லிக்கொண்டு கீழேயே தங்கிவிட்டார். கேட்காமலேயே சுந்தரியின் கைகளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவள் கையை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உள்ளுக்குள்ள ஒங்க ஆளுவளே ஒங்கள அடிக்கானுவம்மா" என்றார்.

"நிறுத்துத அணு இருக்குன்னு சொல்லுதிய. அது ஏன் ஐயா நிறுத்தல? செத்துப் போச்சா?" என்று கேட்டாள் சுந்தரி.

"சாகல. அதான் பயமா இருக்கு. இந்த மூட்டு நீர எடுத்துப் பாத்தா, நிறுத்தப் போனவனுவ அங்கன கூட்டமா நிப்பானுவன்னு நான் நெனக்கேன். ஆளுக்குக் குறைச்சலே இல்ல. ஆனா இந்த வீக்கத்துச் சூடு இருக்கு பாருங்க, அதுக்குள்ள ரொம்ப நேரம் நின்னா, வந்த வேல அவனுக்கு மறந்து போவுது. கொஞ்சம் பேரு கையக் கட்டிட்டு வேடிக்க பாப்பான். கொஞ்சம் பேரு அடிக்கவன்கூட சேந்து அடிக்க ஆரம்பிச்சிருவான். சட்ட மாறாது, மொகம் மாறாது, ஆளு மாறியிருப்பான்." கொஞ்சம் நிறுத்தி, "இது என் சந்தேகந்தான். ருசுப்பிக்க எனக்கு எலி தரமாட்டேன்னுட்டாவ. ஜப்பான்ல ஒருத்தர் இந்த மாதிரி அணுவ எலியில திரும்பவும் பாத்துட்டேன்னு எழுதியிருக்காராம். இங்க சொன்னா, அது ஜப்பான் எலிங்காவ" என்றார்.

"அப்பம் நிறுத்துத ஆளு இன்னும் நெறைய இருந்தா சரியாயிருமா?" என்று ஐயம்பெருமாள் கேட்டார்.

"சூடு எறங்காம எத்தன பேரு போனாலும், அடிக்க கூட்டந்தான் பெருகும்வே. மொதல்ல சூட்ட எறக்கணும்."

அதற்கு ஒரு மாத்திரை இருந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து. அதையே துளி அளவில் வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் மூட்டின் ஆத்திரம் அடங்கும். "இப்பமே ஆரம்பிச்சா விரலு நிக்கும். விட்டா எலும்ப அரிச்சிரும். அரிச்ச எலும்ப ஒருத்தராலயும் திருப்பித் தர முடியாதும்மா" என்றார் அப்பாத்துரை. ஆனால் அவர் சீட்டு எழுத முடியாது. எழுதினால் கடைக்காரன் நிலையத்தைக் கேட்பான், நிலையம் அப்படி ஒரு டாக்டரே இல்லை என்று சொல்லிவிடும். மருந்தை இங்கேயே வாங்க, மேலே மருந்து அனுமதிக் குழுவில் மனு போடுவது ஒன்றுதான் வழி.

போட்டார்கள். குழுவின் முதல் கூட்டம், புதிய உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு முடிந்தது. இரண்டாவது கூட்டம், முதல் கூட்டத்தில் பொன்னாடை விட்டுப்போனவருக்குப் போர்த்துவதோடு முடிந்தது. மூன்றாவது கூட்டத்தில் சுந்தரியை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இந்த மருந்து சாப்பிட்டால் உள்ளே நடக்கிற சண்டை அடங்கும் என்று மனுவில் இருக்கிறது. அடக்குவது யார்?" என்று கேட்டார் இயக்குநர்.

"தெரியாதுங்க ஐயா. எனக்கு வெரலு மடங்குனா போதும்."

"அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது அம்மா. உடம்புக்குள் அடங்குவது என்று ஒன்று நடந்தால், அடக்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடும். அது 1991 தீர்மானத்துக்கு விரோதம். உங்கள் விரல் மடங்க வேண்டும் என்பதற்காக ஒரு நிறுவனம் தன் நிலைப்பாட்டை மடக்க முடியுமா?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார்கள். கையில் இருக்கிற சூடு வெயில் காலத்துச் சூடுதான் என்று அவள் எழுதிக் கொடுத்தால், மருந்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் யோசிக்கலாம்.

"கையெழுத்துப் போட முடியாதுங்க. பேனா பிடிக்க வரல."

"கைநாட்டு வையுங்கள்" என்றார் இயக்குநர்.

ஜில்லாவுக்கே டைப் சொல்லிக் கொடுத்தவள். அவளுடைய பெருவிரலை ஒரு குமாஸ்தா பிடித்து மையில் அமுக்கித் தாளில் உருட்டினான். அவள் வாய்விட்டு அலறிவிட்டாள். "பொறுத்துக்கோ சுந்தரி" என்றார் ஐயம்பெருமாள். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும், பூஜை அறையில் நிற்கும்போதும் ரொம்ப நாளைக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கூட்டம் வைகாசி முதல் வாரம். கத்திரி வெயில். காலையிலேயே கரண்ட் போய், கூடத்தில் மின்விசிறிகள் நின்றுவிட்டன. குழுவின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், புதன்கிழமை உரைக்கு வந்தவர்கள் என்று நிற்க இடமில்லை. உச்சி வேளைக்கு ஒரு பியூன் வந்து, உறுப்பினர்கள் எல்லாரும் மருத்துவ மாநாட்டுக்காக ஊட்டி போயிருப்பதாகவும், கூட்டம் ஆடிக்குத் தள்ளிப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். பின்னாலிருந்து ஒருவர் "என்னவே நெனச்சிட்டு இருக்கிய?" என்றார். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சத்தம் எழும்பிவிட்டது.

ஊட்டிக்குப் போகாமல் இருந்தவர் இயக்குநர் ஒருவர்தான். ஊட்டிக் குளிர் அவர் மூட்டுக்கு ஆகாது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர், அமைதிக் காப்பாளர்கள் எல்லாரையும் உள்ளே விடச் சொன்னார்.

முதலில் அவர்கள் வழக்கம்போலக் கும்பிட்டுத்தான் சொன்னார்கள். "அமைதி அய்யா, அமைதி." சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள். பிறகு கத்தினார்கள். வேர்வையில் பச்சைத் துண்டுகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. சத்தம் அடங்காததைப் பார்த்து இயக்குநர், வாட்ச்மேன், தோட்டக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று எல்லார் தோளிலும் பச்சைத் துண்டைப் போட்டு உள்ளே தள்ளினார். ஒரு கட்டத்தில் நோயாளிகள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். கூடத்தில் ஒரே ஒரு சத்தம்தான் பாக்கி இருந்தது. 'அமைதி! அமைதி!' என்ற சத்தம். அது நிற்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மேல் முதல் அடி விழுந்தது அப்போதுதான்.

ஜன்னலோரம் பாக்கியசீலன் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில்தான் சுந்தரி இருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "அண்ணே" என்று வலது கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார். முறுக்கினார். "அமைதி!" என்றார். அவள் அலற அலற, இன்னும் முறுக்கி, "அமைதி! அமைதி!" என்று பாட்டுக் குழுவில் பாடுகிற அதே குரலில் கத்தினார். முகம் அதே முகம். கண் மட்டும் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ஐயம்பெருமாள் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

கரண்ட் வந்தது. விசிறிகள் சுற்றின. பாக்கியசீலன் கையை விட்டார். கீழே கிடந்தவளைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ, அக்காவுக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார்.

விசாரணை வைக்காமல் இருக்க முடியவில்லை, வைத்தார்கள். இயக்குநரே விசாரித்தார்.

"அமைதிக் காப்பாளர்கள் அடித்தார்கள் என்று புகார். அவர்கள் எந்தப் பிரிவு? அடக்கும் அணுக்கள் பிரிவு. அந்தப் பிரிவு இருக்கிறதா? இல்லை. இல்லாத பிரிவில் இல்லாத ஊழியர், இருக்கிற ஒரு நோயாளியை எப்படி அடிக்க முடியும்? பகுத்தறிவோடு யோசியுங்கள்." பாக்கியசீலன் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். நீர் இருக்கிறீரா?"

பாக்கியசீலன் ஐயம்பெருமாளைப் பார்த்தார். கட்டுப் போட்ட சுந்தரியின் கையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"இல்லைங்க ஐயா" என்றார்.

புகார் தள்ளுபடியானது. இனி இப்படி நடக்காமல் இருக்க, அமைதிக் காப்பாளர்களை இரண்டு மடங்காக்கப் பரிந்துரைத்தார்கள். கூட்ட முடிவில் யாரோ ஐயம்பெருமாள் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். பொறுமைக்காகவாம். அந்தப் பொறுமைக்காரர் அதை உருவி மேடையில் வீசிவிட்டு, பெஞ்சியை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தார். ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, இத்தனை நாள் ஆயிற்றே என்றுதான் எரிச்சல்.

அப்பாத்துரை ரகசியமாகச் சொல்லி அனுப்பிய பேரில் திருவனந்தபுரம் போனார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா, கையைத் தொட்டுப் பார்த்து, ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் சீட்டு எழுதிக் கொடுத்தாள். "போன வருஷமே வரக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். ஐயம்பெருமாள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாத்திரை வேலை செய்தது. புரட்டாசிக்குள் சூடு தணிந்து, வீக்கம் வடிந்து, இடது கை விரல்கள் மடங்கத் தொடங்கின. வலது கையில் எலும்பு அரித்துப்போயிருந்தது. அது மூடினபடியே நின்றுவிட்டது.

சுந்தரி பயிற்சி நிலையத்தைத் திரும்பத் திறந்தாள். இடது கையில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எந்த விரலால் எந்த எழுத்தை அடிக்க வேண்டும் என்று சுட்டிக் காட்டுவாள். ஒரு மழை நாளில், பிள்ளைகள் போன பிறகு, வாசலில் பாக்கியசீலன் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. 'இல்லை' என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதால் அவருக்குச் சம்பளமும் நின்றுபோய், கீழ்த்தளத்தில் அப்பாத்துரைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம்.

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த ஐயம்பெருமாள் எழுந்தார். அவர் உள்ளங்கை சுட்டது. கையில் என்ன அகப்படுகிறது என்று அவரை அறியாமல் மேஜையைத் துழாவினார்.

"அக்கா, எனக்கு அது நெனப்புல இல்ல" என்றார் பாக்கியசீலன். "நான் தண்ணி எடுக்கப் போனதுதான் நெனப்புல இருக்கு. எல்லாரும் நாந்தான்னு சொல்லுதாவ. செஞ்சது நெனப்புல இல்லாம எப்படிக்கா மன்னிப்புக் கேக்கது? தெனமும் இந்தக் கையக் கழுவுதேன். இது யாரு கைன்னு எனக்குத் தெரியல."

சுந்தரி தன் மூடின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கைக்குள்ள நிறுத்தப் போயி நின்னதும் பூரா ஒங்கள மாதிரி நல்ல மனுசங்கதானாம். அப்பாத்துரை டாக்டரு சொன்னாவ" என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க உக்காருங்க. அவருகிட்ட நான் தண்ணி கேக்கணும்" என்றாள்.

பாக்கியசீலன் மூலையில் இருந்த பானையிலிருந்து டம்ளரில் மொண்டு வந்தார். ஒரு கையால் அதை அவள் வாயருகே பிடித்தார். இன்னொரு கையைச் சிந்தாமல் கீழே ஏந்தினார். சுந்தரி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் கண், கீழே ஏந்தியிருந்த அந்த இன்னொரு கையை விட்டு நகரவே இல்லை.